சனிக்கிழமை வாசிப்பு

அன்புள்ள தங்கச்சி,

உன் கணவரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லுக்காக ஆறு வருடமாக நாம் பேசவில்லை. இதை வீட்டுக்கு அனுப்பப் பயந்து, அஜின்கோர்ட்டில் நீ வேலை செய்யும் பேக்கரியிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். ஓர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்டுக்கு ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் கல்யாணம், செத்தவீடு. தமிழ்ப் பத்திரிகை விளம்பரத்தில் என் பெயர் இல்லை, தொலைபேசி இலக்கம் மட்டும்தான்.

நேற்றுக் காலை ஒருவர் அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தார். கல்லறையில் வாசிக்க வேண்டுமாம்.

"எப்ப?"

"வாற சனிக்கிழமை. என்ர மனிசிக்கு."

"எப்ப காலமானவ?"

அவர் காசு எவ்வளவென்று கேட்டார். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அது உன் குரல். அதற்குப் பிறகுதான் அவர் யாரென்றும் எனக்குப் பிடிபட்டது.

நான் காட்டிக்கொள்ளவில்லை. "ஓம், வாறன்" என்றேன். எனக்கு விளங்கியது தெரிந்தால் அந்த நாளை முன்தள்ளிவிடுவாரோ என்று பயம்.

உனக்கு ஏதும் பெரிய வருத்தமா, தீராத நோயா? அப்படியென்றால் என்னை மன்னித்து இதைக் கிழித்துவிடு. இல்லையென்றால், இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகாதே. பேக்கரியின் பின்வாசலில் காரோடு நிற்பேன். உடுப்பு எதுவும் எடுக்க வேண்டாம், நீ மட்டும் வா.

உன் அக்கா