சுக்கினிப் பூவின் தூசி

கரங்கான்
கூலிம், மலேசியா
4.5.2025

அன்புத் தங்கை சாந்தினிக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தென்துருவத்தில், கண்ணாடிக்கு வெளியே பனி கொட்ட, விளக்கு வெளிச்சத்தில் சலாட் கீரையைப் பிடித்துக்கொண்டு நீ சிரிக்கும் அந்தப் படம் கூலிம் முழுக்கச் சுற்றிவிட்டது. நம் சிப் தொழிற்சாலைக் கேண்டீனில் பாப்பம்மா அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "ஒன் கூட்டாளிய பாருலா, நீயும் போயிருக்கலாம்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே செடி அறைக்கு உதவியாள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்து உனக்குக் காட்டியதே நான்தான். இரத்த அழுத்தம் என்று டாக்டர் என்னைக் கழித்துவிட்டார், நீ போய்விட்டாய். வயிறு எரிகிறது, சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நன்றாகப் போர்த்திக்கொள்.

உன் அக்கா,
நளினி

ஆய்வு நிலையம், தென்துருவம்
19.5.2025

அன்புள்ள நளினி அக்காவுக்கு,

உங்கள் மின்னஞ்சலில் இருந்த கோபத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். கீரை நன்றாக வருகிறது. ஆனால் சுக்கினி, நம் பூசணிக்கு உறவு, அது பூக்கிறது, விரற்கடை பிஞ்சு விடுகிறது, மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. செடி விஞ்ஞானி உடம்புக்கு முடியாமல், குளிர்காலத்துக்கு முந்தின கடைசி விமானத்தில் போய்விட்டார். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு காயாவது பிடிக்காவிட்டால் விளக்குகளை அணைத்து அறையை மூடிவிடுவாராம் தலைவர். அப்புறம் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான்.

நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தூசியே ஆகாத நம் கிளீன்ரூமில் செய்தது போலவே காலையில் முதல் வேலையாகப் பூக்களில் இருக்கும் மஞ்சள் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். வேறு என்ன செய்வது? நீங்கள் வீட்டில் காய் போடுகிறவர், சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
சாந்தினி

கரங்கான்
21.5.2025

அன்புச் சாந்தினி,

கலங்காதே. தூசி கொஞ்சம் தங்கினாலும் கெடுதல்தான், நம் லைனில் பார்க்கவில்லையா? காலையில் மட்டும் போதாது, மாலையிலும் துடை. மற்றதைச் செடி பார்த்துக்கொள்ளும்.

உன் அக்கா,
நளினி

ஆய்வு நிலையம்
3.6.2025

நளினி அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி இரண்டு வேளையும் துடைத்தேன். மாதக் கடைசியில் அறையை மூட வந்தவர்களோடு எங்கள் மருத்துவரும் வந்தார், வீட்டில் தோட்டம் வைத்திருப்பவர். என் கையிலிருந்த துணியைப் பார்த்துத் திகைத்துப்போனார். அது தூசி இல்லை, மகரந்தம். இங்கே தேனீ இல்லை, வண்டு இல்லை. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாம்தான் தடவ வேண்டுமாம். அவர் கேட்டுக்கொண்டதால் எனக்கு ஒரு வாரம் கிடைத்தது. மூன்று காய் பிடித்திருக்கிறது.

அவர் தடவிக் காட்டியபோது உங்கள் வீட்டுக் கொல்லை கண்ணில் வந்தது. முன்பு ஒருநாள் காலை ஷிப்டுக்கு உங்களைக் கூப்பிட வந்தேன். பூசணிப் பந்தலடியில் நின்று பூவோடு பூவை ஒற்றிக்கொண்டிருந்தீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அக்கா, மறந்துபோய் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி போடுங்கள். நான் நம்பிவிடுகிறேன்.

சாந்தினி

கரங்கான்
8.6.2025

சாந்தினி,

மறக்கவில்லை. தெரிந்துதான் எழுதினேன். மூன்று காய் என்று படித்த இடத்தில்கூட எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

நளினி