சிறப்பு விருந்தினர் கேட்டது

2007

ஏப்ரல் 12, வியாழன்

ருவைஸ், அபுதாபிக்கு மேற்கே. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை தொடங்கிவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு விடிந்ததும் போய் இருட்டிய பிறகுதான் வீடு. ரிஃபைனரிக்குள் வெளி ஆட்கள் கூட்டம். எல்லோரும் யாரையாவது பார்த்து 'ஜல்தி ஜல்தி' என்று கத்துகிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஷியாமளா எதிரில் வந்து நின்றாள்.

"ஜூன்ல மீனா அக்கா வீட்டுக்குப் போறேன். கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டுடுங்க."

"ரிட்டர்ன் எப்போ?"

"ரிட்டர்ன் வேண்டாம்."

சரி என்றேன். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதைக் கவனித்தேன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏப்ரல் 15, ஞாயிறு

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜூன் 9, அபுதாபியிலிருந்து. ஏஜென்சியின் மலையாளிப் பையன், போக மட்டும் போதுமா என்ற அர்த்தத்தில், "ஒன்வே மதியோ சாரே?" என்று இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

ஆபீசில் பழுது வேலைக்கான பெர்மிட்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. அமெரிக்காவுக்குக் கீழே ஒரு தீவில் முகிலன் படித்த மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து. அவர்கள் அந்தத் தீவின் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பெயரை நான் எழுதுவதில்லை.

அவனுடைய வகுப்பு ஜூன் 2ஆம் தேதி பட்டம் வாங்குகிறதாம். அவனுக்கும் பட்டம் கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்களுக்குச் சம்மதமா, நேரில் வர முடியுமா, வராவிட்டால் யார் வாங்கிக்கொள்வது, மேடையில் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் — நான்கு கேள்விகள்.

2005 பிப்ரவரியில் மழை பெய்த ஒரு சாயங்காலம், மலைச்சாலையில் அவன் ஓட்டிய கார் சறுக்கியது. இருந்திருந்தால் இப்போது டாக்டர். எங்களுக்கு ஒரே பையன்.

உடனே பதில் எழுதினேன். சம்மதம். வர இயலாது, அமெரிக்கா வழியாகப் போக விசா வேண்டும், அதற்கு நேரமில்லை. அவனுடைய ரூம்மேட் வாங்கிக்கொள்ளட்டும். மு-கி-லன் என்று பிரித்து எழுதினேன். 'அன்புடன், சீதாபதி' என்று முடித்துவிட்டு அடுத்த பெர்மிட்டை எடுத்தேன். பம்ப் மாற்ற வேண்டியவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

ஷியாமளாவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23, திங்கள்

சொல்லவில்லை.

ஏப்ரல் 30, திங்கள்

சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதனால்தான் சொல்லவில்லையோ?

மே 4, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பால்கனியில் நின்றிருந்தேன், மொபைலில் நீளமான வெளிநாட்டு நம்பர். அந்த நாட்டிலிருந்து கடைசியாக வந்த போன் எது என்று உடம்புக்கு நினைவிருந்தது போலும். கை தானாகப் பின்வாங்கியது. பிறகு எடுத்தேன். அங்கே காலை பத்து மணி.

வயதான பெண் குரல். டாக்டர் வீரசாமி என்றார். பட்டமளிப்பு விழாவின் சிறப்பு விருந்தினர். அந்தத் தீவில் பிறந்து, லண்டனில் படித்து, முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரிகளை நடத்தி ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்டதும் தமிழா என்று கேட்டேன். சிரித்தார். "பெயர் மட்டும். என் பாட்டனாரின் அப்பா மதராசிலிருந்து கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது."

பிறகு விஷயத்துக்கு வந்தார். "உங்கள் மகனைப் பற்றிப் பேசச் சொல்லி எனக்குக் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். நல்ல மாணவர், எல்லோருக்கும் பிரியமானவர் என்று இருக்கிறது. இதை யாரைப் பற்றியும் சொல்லலாம். அவரைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று வேண்டும். ஒன்று போதும்."

நான் சொன்னேன்: "அவன் நன்றாகப் படிப்பான். நல்ல பையன்."

இதையும் யாரைப் பற்றியும் சொல்லலாம் என்று எனக்கே காதில் விழுந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன். யோசித்து வையுங்கள்" என்று வைத்துவிட்டார்.

பால்கனியிலேயே நின்றேன். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஷியாமளாவுக்குக் கேட்டிருக்காது.

மே 8, செவ்வாய்

ஒன்று. ஒன்றே ஒன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் மார்க் தெரியும். உயரம் தெரியும். ரத்த வகை பி பாசிடிவ். அவனுக்குப் பிடித்தது என்ன? பிரியாணி — யாருக்குத்தான் பிடிக்காது. அவன் படிப்புக்காக அவனும் ஷியாமளாவும் அபுதாபி ஃபிளாட்டில் இருந்தார்கள். நான் இங்கே பேச்சிலர் குவார்ட்டர்ஸில். அவன் வெளிநாடு போன பிறகுதான் ஷியாமளா இங்கே வந்தாள். வார விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு போவேன். கதவைத் திறப்பான், "வாங்கப்பா" என்பான். அப்புறம்? அப்புறம் என்ன பேசினோம்?

கிரிக்கெட் பேசியிருப்போம்.

மே 11, வெள்ளி

போன் வரும் என்று தெரிந்தே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வந்தது. எடுத்து, "மன்னிக்கணும் டாக்டர், என்னிடம் எதுவும்" என்று ஆரம்பித்தேன். ஷியாமளா துவைத்த துணி பக்கெட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யாரு?"

"முகிலோட யுனிவர்சிட்டி... விழாவுல பேசப்போற டாக்டர்."

"என்ன விழா?"

சொன்னேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெயில், பட்டம், ஜூன் 2, அந்தம்மா கேட்ட ஒன்று. அந்தப் பக்கம் அந்தம்மா பொறுமையாக இருந்தார்.

ஷியாமளா பக்கெட்டைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குரல் மட்டும் கேட்டது. வார்த்தை கேட்கவில்லை. நான் துணிகளைக் காயப்போட்டேன். வேறென்ன செய்ய? எல்லாம் போட்டு முடித்த பிறகும் குரல் ஓயவில்லை. இரண்டு வருடமாக இந்த வீட்டில் மொத்தமாகக்கூட அவள் அவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

வெளியே வந்து போனை என் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தேன்.

மே 12, சனி

அந்தம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அவங்க கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்வாள் என்று நினைத்தேனா? தெரியவில்லை. அவள் சொல்லவில்லை.

மே 21, திங்கள்

ஷட்டவுன் முடிந்தது. யூனிட் ஓடுகிறது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம்.

மே 27, ஞாயிறு

விழாவை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்களாம், லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டு கனெக்‌ஷனில் ஒரு போட்டோ திறக்கவே பாதி டீ ஆறிவிடுகிறது. காயல்பட்டினத்துக்காரர் செய்கு அலாவுதீன், என்னோடு கன்ட்ரோல் ரூமில் இருப்பவர், விஷயத்தைக் கேட்டதும் தோளில் கை வைத்தார்.

"நம்ம வீட்டுக்கு வந்துருங்க சார். லைன் நல்லா இருக்கு. அன்னிக்கு பிள்ளைங்க யாரும் கம்ப்யூட்டரத் தொட மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவள் வருவாளா என்று சந்தேகம். கேட்டேன். "எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஜூன் 2, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

ஷியாமளா நீலப் பட்டு கட்டியிருந்தாள். அலாவுதீன் கம்ப்யூட்டருக்கு முன்னால் எங்களுக்காக இரண்டு நாற்காலி போட்டிருந்தார். அவர் மனைவி அஸ்மத் பீவி ஷியாமளாவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

படம் தபால்தலை அளவுக்கு இருந்தது. பெரிதாக்கினால் உடைந்துபோனது. பச்சை மலை, வெள்ளைப் பந்தல், கறுப்பு அங்கிகள். கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். அந்தக் கூட்டத்தில் அவன் வயதுப் பையன்களாகப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நாற்காலிகளை ஏன் வெயிலில் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது.

டாக்டர் வீரசாமி எழுந்தார். குள்ளமான பெண்மணி, வெட்டிய நரைமுடி. மைக்கைத் தாழ்த்த ஒருவர் ஓடிவந்தார். வழக்கமான வாழ்த்துகளைச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என் முன்னோர்கள் ஒரு மொழியோடு இந்தத் தீவுக்கு வந்தார்கள். என் பெயரைத் தவிர அதில் எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. போன மாதம் பாரசீக வளைகுடாவிலிருந்து ஒரு தாய் எனக்கு அந்த மொழியில் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார். இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒருவரிடம் அவர் தினமும் காலையில் சொன்ன வாக்கியம். நான் பல நாள் சொல்லிப் பழகினேன். தவறிருந்தால் அவர் மன்னிக்கட்டும்."

படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்த நிலையில் அந்தம்மா அப்படியே இருந்தார். அலாவுதீன் மவுஸைத் தட்டினார். படம் அசையாமல் குரல் மட்டும் வந்தது.

"முகிலா, ஈரத் துண்ட கட்டில்ல போடாதடா."

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, நொண்டி நொண்டிச் சொன்னார். 'டா'வை நீளமாக இழுத்தார்.

ஷியாமளா சிரித்தாள். சத்தமாக, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "ஐயோ, அப்படியே சொல்லிட்டாங்க" என்றாள். அஸ்மத் பீவி அழுதுகொண்டே அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அந்தம்மா அங்கே ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. "நாளை முதல் உங்களிடம் படுக்கை எண்ணோடு மனிதர்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வீட்டில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்." இப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பாதி கேட்கவில்லை.

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முகிலன் பெயருக்குக் கொஞ்சம் முன்னால் லைன் போய்விட்டது. திரும்ப வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. அவனுக்குத்தான் என்று அலாவுதீன் உறுதியாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அந்தத் துண்டைத் தெரியாது. அவன் அறைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கட்டிலில் ஈரத் துண்டை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 6, புதன்

ஓமன் பக்கம் பெரிய புயல். மஸ்கட்டில் சாலையெல்லாம் ஆறு போல ஓடுவதை டிவியில் காட்டினார்கள். இங்கே வானம் மங்கலாக இருந்ததோடு சரி. ஷியாமளா பெட்டி அடுக்குகிறாள். பெரிய பெட்டி.

ஜூன் 9, சனி

ஏர்போர்ட் போய் வந்தாகிவிட்டது. தூக்கம் வருவதற்குள் எழுதுகிறேன்.

மிர்ஃபாவைத் தாண்டினோம். மணல், லாரி, மணல். திடீரென்று நான் கேட்டேன் — கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அந்தம்மாகிட்ட வேற என்ன சொன்ன?"

திரும்பிப் பார்த்தாள். "இப்பதான் அவனப் பத்திக் கேக்கணும்னு தோணுச்சா? ரெண்டு வருஷமா பக்கத்துலயேதானே இருந்தேன்? யாரோ முகம் தெரியாத பொம்பள போன் போட்டு, ஒண்ணு சொல்லும்மாங்கறா. நீங்க ஒரு நாள், ஒரு நாளாவது..." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க அழவே இல்ல. என்னால அதான் தாங்க முடியல."

"வரல, ஷ்யாமு. வரவே மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். கீழ்வீட்டு சிரியாக்காரப் பையனிடம் எலுமிச்சைச் சாதத்தைக் கொடுத்துவிட்டு ஃபலாஃபெல் வாங்கித் தின்றது. என் ரேசரை எடுத்து மழித்துக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு, பூனை பிராண்டியது என்று சொன்னது. பிளட் டெஸ்டுக்கு ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டருக்குப் படிப்பேன் என்று நின்றது. தரிஃப் போய், முசஃபா வந்து, ஏர்போர்ட் பலகை தெரியும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

"துண்டு மட்டும் எனக்குத் தெரியவே இல்லையே" என்றேன்.

"எப்படித் தெரியும்? நீங்க வர்ற அன்னிக்குக் காலைலயே ரூம அவனே கூட்டுவான். துண்டக் கொண்டுபோய் கொடியில போட்டு, ரெண்டு கிளிப்பும் போடுவான். அப்பா வராருன்னு."

காரை ஓரமாக நிறுத்தினேன். ஹசார்ட் லைட்டைப் போட்டேன். அது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு ஸ்டியரிங்கில் தலை வைத்து — எவ்வளவு நேரமோ. அவள் என் முதுகில் கை வைத்திருந்தாள். எடுக்கவே இல்லை. ஃபிளைட் போய்விடப்போகிறது என்று நான்தான் கிளப்பினேன்.

உள்ளே போகுமுன், "மருந்த ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள். போய்விட்டாள்.

ஜூலை 14, சனி

வெளியே நின்றால் கண்ணாடியில் ஆவி படிகிற புழுக்கம். தினமும் டூட்டி முடிந்ததும் கோயம்புத்தூருக்குப் போன். முதலில் ஊர் விஷயம், அப்புறம் அவனைப் பற்றி ஏதாவது. இன்று அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கு நினைவு வந்தது. ஒரு தடவை காரில் அவன் எனக்கு கியர் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்லிக்கொண்டு வந்தான், கண்ணை மூடிக்கொண்டு. தப்பே இல்லாமல். அவளிடம் சொன்னேன். "எனக்குச் சொல்லவே இல்லையே ரெண்டு பேரும்" என்று கோபித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

போன் பண்ணவில்லை. காய்ச்சல். அவளே பண்ணினாள். கஞ்சி வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள், திட்டிக்கொண்டே.

ஆகஸ்ட் 25, சனி

முகில் போகும்வரை ஷியாமளா கணக்கு டீச்சராக இருந்த இந்த ஊர்ப் பள்ளி செப்டம்பரில் திறக்கிறது. இன்று போனில், நடுவில், சும்மா கேட்பது போலக் கேட்டாள்:

"அங்க மேத்ஸுக்கு யாராவது போட்டுட்டாங்களா?"

"தெரியலையே."

"போய்க் கேட்டுட்டுத்தான் வாங்களேன். நான் உடனே வரேன்னு சொல்லிடாதீங்க. இருக்கான்னு மட்டும் கேளுங்க."

நாளை காலை டூட்டிக்கு முன்னால் பிரின்சிபாலைப் போய்ப் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்க மறுபடியும் போன் போட்டேன்.