மேட்டுக்கா, நேர் ரோட்டுக்கா

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தாவது கியர் இனி எங்கள் வண்டியில் சும்மா பேருக்குத்தான். போட்டதுமே இன்ஜின் முனகுகிறது. என் வீட்டுக்காரர் நான்காவதுக்கு இறக்கிவிடுகிறார். பெரிய டயர் போட்டதிலிருந்து இப்படி. அதற்குக் காரணமே நான்தான். அம்மாவைப் பார்க்கக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடைச் சேற்றில் வண்டி புதைந்து, புதுச் செருப்போடு இறங்கி நான் தள்ள வேண்டியதாயிற்று. அடுத்த வாரமே கிட்டத்தட்ட என் இடுப்பு உயரத்துக்கு நான்கு டயர்கள் வாசலில் நின்றன. "இனிமே நீங்க எறங்க வேண்டியதில்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணமாகி எட்டு மாதம். எனக்கு நாற்பத்தாறு, அவருக்கு ஐம்பத்தொன்று. இன்னும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். தான் வளர்க்கும் நாற்றுகளோடு மணிக்கணக்கில் பேசுவார். என்னிடம் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக்கிடம் போனோம். வாய் ஓயாத மனிதர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பாடம் எடுத்தார். "டயர் பெருசானா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போவும். அந்தப் பாரம் இன்ஜின் தலையிலதான் விடியும். அச்சுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடிய, கிரவுன் பினியன, மாத்தணும். இப்ப இருக்கறது 4.10. அதாவது தண்டு நாலு சுத்து சொச்சம் சுத்தினா டயரு ஒரு சுத்து."

கிடைப்பவை இரண்டு: 4.56, 4.88. எண் கூடினால் இழுவை கூடும், மேட்டுக்கு நல்லது. குறைந்தால் நேர் ரோட்டில் இன்ஜின் அலறாமல் போகலாம். எதுவானாலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஒரே அளவுதான். "ஒண்ணுக்கு ஒண்ணு, இன்னொண்ணுக்கு இன்னொண்ணுன்னு போட்டா, நாலு சக்கரமும் சேந்து இழுக்கறப்ப ரெண்டும் மல்லுக்கட்டி ஒடஞ்சிரும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எது வசதி?"

"உங்க வண்டி. உங்க இஷ்டம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன்.

மார்ச் 7

சாப்பிட்டார். தட்டைக் கழுவினார். நாற்றுகளிடம் பேசப் போய்விட்டார்.

மார்ச் 8, சனி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயர் இருபத்தொன்பது அங்குலம், புதியது முப்பத்துமூன்று. வண்டி பழையபடி ஓட 4.67 வேண்டும். அது யாரிடமும் இல்லை. ஒன்று அதற்குக் கீழே, ஒன்று மேலே.

மனசைத் தொட்டுச் சொன்னால் எனக்கு வேண்டியது 4.56. அம்மா கீழே நகரத்தில் தனியாக இருக்கிறாள். நேர் ரோட்டில் வேகமாகப் போனால் இன்னும் கொஞ்ச நேரம் அவளோடு இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், 'எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை' என்றல்லவா அவர் காதில் விழும்? அப்படியில்லையே. இந்த வீடு பிடித்திருக்கிறது. சமையலறை சன்னல் பிடித்திருக்கிறது. அவரையும் — சரி, எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவின் மணிக்கட்டில் கட்டு. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். "ஏம்மா எனக்குச் சொல்லல?"

"சொன்னா ஓடி வருவ. உங்க வண்டி வந்து சேர்றதுக்குள்ள எனக்கு ஆறியே போயிரும்" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு கைப்பிடி வாங்கிவந்து, குளியலறைச் சுவரில் துளை போட்டு மாட்டினார். தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

மார்ச் 12, புதன்

சந்தையில் வாங்கிய நாற்றை எங்கள் நாற்றங்காலுக்கு ஏற்றிக்கொண்டு வரும்போது வீட்டுக்குக் கீழே இருக்கும் செங்குத்து வளைவில் எதிரே லாரி. நிறுத்தினோம். பிறகு வண்டி நகரவே மாட்டேன் என்றது. கிளட்ச் கருகும் நாற்றம். இன்ஜின் அணைந்தது, வண்டி பின்னால் வழுக்கத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து ஒருவழியாகப் பிடித்தார். பின்னால் பள்ளம்.

"எறங்கு! நீ மொதல்ல எறங்கு!"

இறங்கினேன். ஓடவில்லை. ஒரு பெரிய கல்லை உருட்டிவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அப்புறம் பாதி நாற்றை இறக்கிவைத்து, அரைப் பாரத்தோடு ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம் ஒன்று பிய்ந்திருந்தது. அவரே மருந்து போட்டார். 'நீ' என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

அம்மாவைப் பார்க்க மெதுவாகப் போய்க்கொள்ளலாம். இந்த மனிதர் தினமும் அந்த வளைவில் ஏற வேண்டுமே!

மார்ச் 13, வியாழன்

மெக்கானிக்குக்குப் போன் போட்டு "4.88 சொல்லிடுங்க" என்றேன்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு இப்பதான் கூப்ட்டு 4.56ன்னாரு. மாமியாருக்கு ஏதாவதுன்னா சீக்கிரம் போவணுமாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

நாற்றங்காலுக்குப் போனேன். பூவாளியோடு குனிந்திருந்தார்.

"நேத்து அவ்ளோ நடந்துமா 4.56 சொன்னீங்க?"

"பாரத்தக் கொறச்சு ரெண்டு நடையா ஏத்திக்குவேன். அன்னைக்கு அத்தை கையப் பாத்ததுலேருந்து எனக்கு..."

"அம்மாகிட்ட அவசரமா போறதுக்கும் நீங்க முழுசா இருக்கணும்ல?" அழுதுவிட்டேன். இந்த வயசில், நாற்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மூக்கு ஒழுக.

பூவாளியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு 'உங்க வண்டி'ன்னுட்ட. அதான் கேக்கவே பயமா இருந்துச்சு."

"நம்ம வண்டி."

"அப்ப 4.88. சனிக்கிழமையே போயி அத்தை வீட்ல தங்கிருவோம். வேகம் எதுக்கு?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 21

இரண்டு அச்சும் மாற்றியாயிற்று. புதுப் பல் பழகும்வரை பாரம் ஏற்றாமல் பதமாக ஓட்ட வேண்டுமாம். மெக்கானிக் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "சத்தம் கொஞ்சம் இருக்கும், திட்டாதீங்க" என்றார்.

மார்ச் 22, சனி

கீழே இறங்கி, திருப்பி ஏறும்போது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினார். கிளட்சை விட்டார். வண்டி ஒரு முனகல், ஒரு உதறல் இல்லாமல் கிளம்பியது. என் கண் நிறைந்துவிட்டது. ஏறிப் பார்த்துவிட்டு, திருப்பிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினோம்.

நேர் ரோட்டில் ஐந்தாவது கியர் முனகாமல் பிடித்து நின்றது. ஆனால் அந்த இரைச்சல்! இன்ஜின் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போனது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முணுமுணுத்தால் கேட்காது என்பதால் அவரும் கத்தினார். சின்ன வயசில் நாய்க்குப் பயந்து மரத்தில் ஏறியது, தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட வருஷங்கள், என்னை முதலில் பார்த்த அன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது — எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்தினார். நானும் விடவில்லை.

"இந்த ஊதா உனக்கு எடுப்பா இருக்கு!"

"என்னது?" என்றேன், நன்றாகக் கேட்டிருந்தும்.

இன்னும் உரக்கச் சொன்னார். தாண்டிப் போன லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறந்தேன், கரகரவென்று ஏதோ வந்தது. அவருக்கும் அப்படியே.

"என்னடி, ரெண்டு பேருக்கும் தொண்ட கட்டியிருக்கு? வழியெல்லாம் சண்டையா?"

"இல்ல அத்தை," என்றார் அவர், கம்மிய குரலில். "பேசிக்கிட்டு வந்தோம்."