கல்லுக்காட்டுச் சுண்ணாம்பும் ஒரு சொம்பு தண்ணீரும்

அன்பு மகள் தென்றலுக்கு, அம்மா கண்ணகி எழுதுவது. கல்லங்குறிச்சிப் பெருமாள் தயவில் நானும், மாடும், உன் அப்பாவும், அவர் வாயும் நலம். அந்தக் கொரியாக் குளிரில் காதை மூடிக்கொண்டு நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் சொல்ல வேண்டியதையும் உன் அப்பாவே சொல்லிவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

ஏர் போனால் கொழு உடைகிறது என்று கல்யாணமான நாளிலிருந்து நம் கல்லுக்காட்டைத் திட்டிய உன் அப்பா, நீ லீவில் வந்து அந்தக் காட்டுச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுப் பொடித்து, ராஜவேல் கடையில் பஜ்ஜி பொரித்த எண்ணெயில் மெத்தனாலோடு கலக்கி டீசல் எடுத்துக் காட்டியதிலிருந்து, கல்லைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. சுண்ணாம்பு எண்ணெயில் கரையாதாம், வேலையை முடித்துவிட்டு அடியில் உட்காருமாம், வடிகட்டி மறுபடியும் வேலை வாங்கலாமாம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்த வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

சிமெண்டு ஆலைக்குக் கல் வெட்ட நிலம் பிடிக்கும் தரகர் மறுபடியும் வந்தார். உன் அப்பா வீறாப்பாக, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள், என் பெண் சொன்ன டீசலில் ஆயில் எஞ்சின் ஓடும், ஓடாவிட்டால் காட்டை விற்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் காடு போனால், திரும்பி வந்து இங்கேயே தொழில் தொடங்குவேன் என்று நீ சொன்னதும் அதோடு போய்விடும்.

ஈரம் படக்கூடாது என்று நீ மூடி இறுக்கிக் கொடுத்த சுண்ணாம்பு டப்பாவை அதுவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர், வெள்ளிக்கிழமை திறந்து ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டார். ஏன் என்றால், சுட்ட சுண்ணாம்பைச் சூடு அடக்காமல் யாராவது போடுவார்களா, எஞ்சின் வெந்துவிடாதா என்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க நீற்றிப் பழகிய கை. அதை எண்ணெயில் கொட்டிக் கிண்டினால் டீசல் வரவில்லை, களிதான் வந்தது. தரகர் முன்னால் விட்டுக்கொடுக்காமல், இது சோப்பு என்றார். மறுநாள் உன் அப்பா வேட்டியையே அதில் துவைத்துப் பார்த்தேன், நுரையும் வரவில்லை, பிசுக்கும் போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் ரேஷன் கடைக்குப் போகிறார்.

அன்றைக்குக் களியைப் பார்த்ததும் தரகர் பத்திரத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். உன் அப்பா வாங்கிக்கொண்டு அந்தக் களியை ஒரு தடவை கிண்டிப் பார்த்தார். பிறகு, "தப்பு கல்லுல இல்லீங்க, நான் ஊத்துன தண்ணியில. எம்பொண்ணு வந்து அவ கையால செய்யட்டும்" என்று பேனாவை மூடித் தரகர் பையிலேயே செருகிவிட்டார். பேச்சு மாறிவிட்டீர்கள் என்று தரகர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பேச்சு மாறியதற்காக உன் அப்பாவை நான் மெச்சியது இதுதான் முதல் தடவை.

அங்கே ஆராய்ச்சிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாமே. எப்போது வருவாய் என்று அவர் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆனாலும் எங்களுக்காக அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவராதே, உனக்கே மனசு வந்தால் வா. வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, பஜ்ஜி எண்ணெய் இல்லை. பெருமாள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா புதிதாகச் சுண்ணாம்பு சுட்டுக் கொண்டுவந்து டப்பாவைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். பக்கத்தில் சொம்பு வைக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மூடியை நீ வந்துதான் திறக்க வேண்டும்.

ஆசிகளுடன் உன் அம்மா,
கண்ணகி