இருநூற்றுப் பன்னிரண்டாம் படம்

ஐப்பசி 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடமுருட்டி ஆற்றில் கலங்கல் தண்ணீர். செந்தாமரை கல்லூரிக்குப் போய்விட்டாள். மகள் பெயரை எழுதி முடிக்கவே நேரமாகிறது. இனி செ.

எழுதக் கற்று ஏழு மாதம். அதன் பயன் இன்றுதான் தெரிந்தது. இத்தனை காலம் ஒருவனைத் திட்டினால் வாயோடு போய்விடும். இனித் தாளில் நிற்கும். பெரிய சுகம்.

திட்ட வேண்டிய ஆள்: கல்லூரி ஆராய்ச்சியில் செ.க்கு மேலே இருக்கும் சார். நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்.

1. செருப்போடு கூடத்துக்குள் நடந்தார்.
2. காபியை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்தார்.
3. "பெரியவருக்கு நல்லா பொழுது போகுதா?" என்றார். நான் செய்வது வேலை.

வேலை இது. செ.யின் கணினியில் வானத்துப் படம் ஒவ்வொன்றாக வரும். நடுவில் மஞ்சளாக ஒரு விண்மீன் திரள். அதைச் சுற்றி நீல வளைவு இருந்தால் தொட வேண்டும்; தொட்டதும் குறி விழும். என்னைப் போல இன்னும் சிலரும் பார்க்கிறார்கள். அந்த வளைவு மஞ்சள் திரளுடையது இல்லை. வெகுதூரம் பின்னால் இருக்கும் வேறொரு திரளின் வெளிச்சம். வழியில் இருக்கும் மஞ்சளின் கனம் அதை இழுத்து வளைக்கிறது. எவ்வளவு வளைந்தது என்று அளந்தால், மஞ்சளில் எங்கெங்கே எவ்வளவு கனம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். தெரிகிற நட்சத்திரங்களை மட்டும் கூட்டினால் கனம் போதவில்லையாம். மீதி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ பொருள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வாய்க்காலுக்குள் அமுங்கிக் கிடக்கும் கட்டையை யார் பார்த்தார்கள். மேலே ஓட்டம் ஒதுங்கிப் போவதைப் பார்த்துத்தான் காலை வைக்கிறோம்.

கை வலி. போதும்.

ஐப்பசி 11, செவ்வாய்

தூறல். கடைவாய்ப் பல் குத்துகிறது. வாழைக்காய் வறுவலை ஒரு பக்கமாகவே மென்றேன்.

செ. வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் சாரோடு பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் இருப்பது அந்த ஆளுக்குத் தெரியாது.

"யாருக்குக் கண்ணு சரியா இருக்குன்னு பார்க்க, வளைவோட நானே வரைஞ்ச படம் இருபதை உள்ள கலந்து விட்டேன்மா. மத்தவங்க பாதிக்கு மேல தொட்டுட்டாங்க. உங்கப்பா ஒண்ணைக்கூடத் தொடலை. அவரு போட்ட குறியை மொத்தமா தூக்கிடுங்க."

"அப்பாவுக்குக் கண்ணு நல்லா தெரியும் சார்."

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரை உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும். திங்கட்கிழமை பட்டியல் போகணும்."

செ. நறுக்குகிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

4. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்.

கூட்டித்தான் படிக்கிறேன். கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன்.

என் குறிகளைத் தூக்கினால் 212ஆம் படம் போய்விடும். வளைவு அறுந்து கிடக்கும் அந்தப் படத்தைத் தொட்டவன் நான் ஒருவன்தான். பட்டியலில் ஏறுகிற படங்களைத்தான் பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்ப்பார்கள். ஏறாதது அப்படியே கிடக்கும்.



ஐப்பசி 12, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் செ.யிடம் கேட்டே விட்டேன்.

"வரைஞ்ச படம்னு தெரிஞ்சுதாம்மா விட்டேன். நிஜத்தைத்தானே தொடச் சொன்னே?"

"வரைஞ்சதுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"நாப்பது வருஷம் என்ன வேலை பார்த்தேன்?"

விதை வயலில் வேறு ரகப் பயிர் அங்கொன்று இங்கொன்றாக நிற்கும். அதுதான் கலவன். கதிர் வந்ததும் வரிசை வரிசையாக நடந்து பிடுங்க வேண்டும். கலவன் நல்ல பயிர் மாதிரியேதான் நிற்கும். நிற்பதில் ஏதோ ஒன்று இடிக்கும். அந்த இருபதும் எனக்கு இடித்தன. யாரோ களவாகச் செருகியிருக்கிறான் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். சோதனை என்று ஒருவரும் சொல்லவில்லை.

செ. அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

அந்த ஆள் சொன்னது: "மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

5. மாட்டிக்கிட்டவர்.

ஐப்பசி 16, ஞாயிறு

வெயில். நெல் வயல் வாடை வீடு வரை.

வந்தார். செருப்போடு. படங்களைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து தரையில் போட்டார். பதினெட்டு.

"எது நிஜம், எது வரைஞ்சது? பிரிங்க, பார்ப்போம்."

பிரித்தேன். வெற்றிலை ஒன்று மென்று முடிக்கும் நேரம். அவர் தன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"ஒண்ணு தப்பு. நிஜப் படம் ஒண்ணைத் தூக்கி வரைஞ்சதுல போட்டிருக்கீங்க."

அந்தத் தப்பு என் தப்புதான். அவசரம். இப்போது நினைத்தாலும் எரிகிறது.

செ. சொன்னாள்: "பதினேழு சரி சார். போன மாசம் வெளியூர்க்காரங்க வரைஞ்சதை இதே மாதிரி பிரிச்சப்ப உங்களுக்கு நாலு தப்பு."

இதற்கு மட்டும் அவளுக்குத் தனியாக ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அவர் குரல் இறங்கியது. "எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க வரைஞ்சதுல கனத்தைப் பரம்படிச்ச வயல் மாதிரி சமமாப் பரப்பி வெச்சிருக்கீங்க. வளைவு வழுக்கிக்கிட்டுப் போவுது. நிஜத்துல ஒரு இடம் தடிக்கும், ஒரு இடம் நெளியும்." செ.யின் கணினியில் 212ஐக் காட்டினேன். "இங்க பாருங்க, அறுந்து கிடக்கு. அறுந்த இடத்துல ஒண்ணும் தெரியல. தெரியாத கனம் அங்கதான் கட்டியா உக்காந்திருக்கு."

"அது கேமரால பட்ட கறைங்க. அதனாலதான் யாரும் தொடலை."

"கறைன்னா பெரிய கண்ணாடியில பார்த்துட்டுச் சொல்லுங்க. பார்க்காமலே ஏன் பிடுங்குறீங்க?"

அவர் தாள்களைப் பொறுக்கினார். அடுத்த முறை இன்னும் நிஜம் போல வரைய என்ன செய்ய வேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

"வாழ்நாள் பூரா கலவன் பிடுங்கினவன்கிட்ட, கலவனுக்கு வேஷம் போடச் சொல்றீங்க. முதல்ல செருப்பைக் கழட்டுங்க சார்."

கழற்றினார்.

நான் வாழ்நாளில் பிடுங்கியதுதான் அதிகம். இருக்கட்டும் என்று ஒன்றுக்காக மல்லுக்கு நின்றது இதுதான் முதல்.

ஐப்பசி 17, திங்கள்

மறுபடி மழை. பல் தேவலை.

செ. பட்டியலைக் கொண்டுவந்து காட்டினாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைசி வரியில் 212. மற்ற எண்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இதற்கு மட்டும் சார் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

"ஏறிடுச்சுல்லப்பா. அந்த ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் அடிச்சுடுங்க," என்றாள். இந்த நோட்டை இவள் எப்போது பார்த்தாள்.

அடிக்கவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன். சார் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நானும் ஒரு கேள்விக்குறி போட்டேன். நன்றாக வந்தது.