நான்கு சுற்று, ஒரு மஞ்சள் பனியன்

கூட்டாளி,

இன்று காலை எங்கள் வீட்டு வேலியில் பேத்தியின் பனியன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கண்ணைக் கூசும் மஞ்சள். ஏதோ தர்ம காரியத்துக்கு நிதி திரட்ட, நாளைக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறாளாம். "இந்தக் கலர்னா கார்க்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும்லா தாத்தா," என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவள் கேட்டாள். அந்தச் சிரிப்பு புரிகிற ஒரே ஆள் நீ. நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலாக்காச் செட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே தமிழை மறந்த வம்சம். கோயிலில் எனக்கு முன்னால் நின்று கும்பிடுவாய், பேசுவது மட்டும் உங்கள் வீட்டு மலாய். நாம் பேசியதெல்லாம் அதில்தான். ஆகவே இந்த மடலில் உன்னை எவ்வளவு திட்டினாலும் உனக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு அது வசதி.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். நான் மலாக்காவின் காஜா பேராங் தெருவில் சலவைக் கடை வைத்திருந்தேன். நீ அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. தெங்கேராவில் இருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் படுக்கை விரிப்புகள் என் கடைக்குத்தான் வரும். மழைக் காலத்தில் ஒவ்வொரு விரிப்பிலும் பழுப்பு வட்டங்கள் இருக்கும். அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகி, பிள்ளைகள் ஈரத்திலேயே படுத்து எழுந்த கறை அது. எவ்வளவு துவைத்தாலும் அடுத்த வாரம் புதுக் கறை வந்துவிடும். நான் புலம்பியதை நீ காப்பி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். எழுந்து, நேரே தகரக் கடைத் தவுக்கேயிடம் போய்விட்டாய்.

அந்தச் சீன முதலாளிக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். "ஊரைச் சுற்றி நாலு சுற்று ஓடு. கூரை முழுக்கத் தகரம் தருகிறேன்," என்று விளையாட்டாகச் சொன்னாராம். நீ சரி என்று கையைக் கொடுத்துவிட்டு வந்தாய். தெங்கேராவில் கிளம்பி, டவுன் வழியாக உஜோங் பாசிர் போய், திரும்பி காஜா பேராங் வழியாகத் தெங்கேரா வர வேண்டும். நான்கு சுற்றுக்கு இருபத்தாறு மைல். யாரும் கைகொடுக்கக் கூடாது, சைக்கிளில் ஏறக் கூடாது, கடைசியில் இல்லத்தின் கேட்டைத் தொட வேண்டும். பாதியில் நின்றால் ஒரு தகரமும் கிடையாது. செய்தி பரவியதும் மரக் கடைக்காரர் மரம் தருகிறேன் என்றார், தச்சர் கூலி வேண்டாம் என்றார். எல்லாமே நீ ஓடி முடித்தால்தான்.

மூன்று மாதம் விடியலில் நீ ஓடினாய், நான் சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். கைப்பிடியில் பார்லித் தண்ணீர் செம்பு தொங்கும். புதுக் கேன்வாஸ் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் கழற்றி எறிந்தாய். "காலுக்குக் கண்ணைக் கட்டினாற்போல இருக்கிறது, டோபி," என்றாய். வருஷா வருஷம் வெறுங்காலில் காவடி எடுத்தவனுக்குச் சப்பாத்து எதற்கு? தெங்கேரா நாய்கள் துரத்தும்போது மட்டும் உன் வேகம் எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது.

இப்போது அந்தப் பனியன் விஷயம். அம்மன் திருவிழா முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கடை நிறைய விரதக்காரர்களின் மஞ்சள் வேட்டிகள். உன் வெள்ளைப் பனியனை அவற்றோடு சேர்த்து ஊற வைத்தது நான்தான். பந்தயத்துக்கு முதல் நாள் அது மஞ்சளாய் வெளியே வந்தது, வேறு பனியன் வாங்க நேரமும் இல்லை. "வேண்டுமென்றுதான் சாயம் போட்டேன். லாரிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரியும்," என்று கூசாமல் புளுகினேன். நீ அதைப் பெருமையாக மாட்டிக்கொண்டாய்.

முதல் சுற்றில் காஜா பேராங்கில் பந்தயம் தெரிந்தவர்கள் கை தட்டினார்கள். இரண்டாம் சுற்றில்தான் ஆரம்பித்தது. மஞ்சள் துணி, வெறுங்கால், நெற்றியில் திருநீறு, பின்னால் செம்போடு ஓர் ஆள். தோசைக் கடை முனியம்மா அக்கா குடத்தோடு ஓடி வந்து உன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உனக்குக் குளுகுளுவென்றிருந்தது போல, சிரித்தபடி ஓடினாய். மூன்றாம் சுற்றில் கற்பூரத் தட்டு வந்துவிட்டது. ஒருத்தி கைக்குழந்தையை நீட்டி விபூதி கேட்டாள். நீ உன் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் குழந்தைக்குப் பூசிவிட்டு ஓடினாய். நான் சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு சாக்கடையில் விழப் பார்த்தேன்.

நான்காம் சுற்றில் அவர்கள் தேங்காய் உடைத்தார்கள்.

சில்லு உன் குதிகாலில் ஏறியது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டாய். கேட்டுக்கு இன்னும் ஒரு மைல்தான். ரத்தத்தைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"போதும்டா, நிறுத்திக்கோ," என்று உனக்குப் புரியாத தமிழில் கத்தினேன். பிறகு அக்காமேல் பாய்ந்தேன். "அக்கா, இவன் காவடிக்காரன் இல்லக்கா! பந்தயம் ஓடறான்!"

"அப்ப எதுக்குடா மஞ்சத் துணி போட்டு விட்ட?"

கூரையை, ஒழுகலை, பிள்ளைகளை எல்லாம் அழுகையும் ஆத்திரமுமாகச் சொல்லி முடித்தேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. "பிள்ளைங்களுக்குன்னா அதும் நேர்த்திக்கடன்தான். எழுந்திரிக்கச் சொல்லு," என்றார். காலில் மஞ்சளை அப்பி, சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார். பிறகு வீட்டுக்குள் ஓடி விளக்குமாற்றோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆளுக்கொன்று எடுத்து வந்தார்கள். உனக்கு முன்னால், தெங்கேரா வரைக்கும், ஒரு கல் விடாமல் சாலையைக் கூட்டிக்கொண்டே ஓடினார்கள். அந்தப் புழுதியில் இருமியபடி நீ நொண்டி நொண்டி ஓடினாய். "வேல் வேல்" என்று யாரோ ஆரம்பிக்க, உனக்குத் தெரிந்த தமிழ் அதுதானே, நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாய். நான் அழுதுகொண்டே சைக்கிள் மிதித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை, என் வீட்டுக்காரி காதில் விழாமல் சொல்கிறேன்.

கேட்டில் தவுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உன் கால் கட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இவனை யார் தொட்டது, யாரும் கைகொடுக்கக் கூடாது என்றுதானே பேச்சு என்று மலாயில் கேட்டார். இல்லத்துப் பிள்ளைகள் கம்பிக்கு உள்ளே வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனியம்மா அக்கா விளக்குமாற்றைக் கீழே போடாமலேயே முன்னால் வந்தார். தோசைக் கடையில் பழகிய உடைந்த மலாயில் சொன்னார்: "யாரு கைகொடுத்தா? நான் அவரு காலத் தொட்டுக் கும்பிட்டேன். சாமி கும்பிடறது தப்பா தவுக்கே?"

தவுக்கே அக்காவைப் பார்த்தார். பத்து விளக்குமாறுகளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொடு, தொடு," என்று உனக்குக் கேட்டைக் காட்டினார்.

நீ தொடவில்லை. திரும்பி நின்று என்னைத் தேடினாய்.

"டோபி, மாரி," என்றாய். வா என்று.

எனக்கு எதற்கு என்று நான் தயங்கினேன். சைக்கிளை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்தேன். நீ என் கையைப் பிடித்துக் கேட்டுக் கம்பியில் வைத்து, அதன்மேல் உன் கையை வைத்து அழுத்தினாய். உள்ளேயிருந்து பிள்ளைகள் போட்ட சத்தத்தில், நீ அப்போது சொன்னது என் காதில் விழவே இல்லை. பிறகு எத்தனையோ தரம் கேட்டும் நீ சொல்லவில்லை, கழுத்தறுப்பவனே.

நான் வாழ்க்கையில் நூறு கஜம்கூட ஓடியதில்லை. இருந்தும் இந்த ஊரில் யாராவது அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேட்டால், என் வாயில் ஒரே பதில்தான் வருகிறது. நாங்கள் ஓடினோம் என்கிறேன்.