கைதியின் படகு

அன்புள்ள அம்மாவுக்கு, தெலெஸ்போரோ வணங்கி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம், கவலைப்பட ஒன்றுமில்லை. வயிறுதான் எரிகிறது.

வெடி போட்டு மீன் பிடித்த நார்சிசோவைப் போன வாரம் கைது செய்தேன். கடல் தாண்டி உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டேஷன் படகில் ஒரு சொட்டு டீசல் இல்லை. தீவு முழுவதற்கும் நான் ஒருவன்தான் போலீஸ். மேலிடத்தில் கேட்டால், "நிதி இல்லப்பா, ஏதாவது படகு பாத்துக்கோ" என்கிறார்கள். அவர்கள் அலுவலக வாசலில் மட்டும் புதுக் கார் நிற்கிறது!

கிடைத்தது நார்சிசோவின் படகுதான். அவன் கையில் மாட்ட விலங்கை எடுத்தேன்.

"கையைக் கட்டிட்டா சுக்கானை யார் சார் பிடிக்கிறது? டப்பாவை எடுத்து தண்ணியை இறைங்க, முழுகிடப் போறோம்!" என்று அதட்டினான். சீருடையோடு வழியெல்லாம் இறைத்தேன்.

மதியமே அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. "ஏறுங்க சார், காத்து மாறுது" என்றான். அவனை விட்டால் எனக்கு வேறு படகு ஏது? இரண்டு தெரு தள்ளி நீங்கள் இருந்தும் வந்து பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்தால், பூட்டிய ஸ்டேஷன் வாசலில் மண்டை உடைந்த ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ரேடியோவுக்கு பேட்டரி அனுப்புங்கள். பேச்சுத்துணைக்கு அதுதான் இருக்கிறது. நீங்கள் போட்ட பப்பாளி ஊறுகாயும் கொஞ்சம்.

படகு கிளம்புகிறது, முடிக்கிறேன். இதைக் கொண்டுவருபவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுங்கள். அவன்தான் நார்சிசோ.